தில்லைநாயகத்தின் நெற்றிக்கு முன்னால் நின்ற கல்

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்டத்தில் உட்காருங்கள், முழங்காலோடு முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை, இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. எறிந்த கல் ஒன்று விழாமலே நின்ற கதை. சத்தமாகச் சொன்னால் எங்கே விழுந்துவிடுமோ என்று நரிக்கரட்டில் இன்னமும் இதைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

நரிக்கரடு பெரிய ஊர் இல்லை. நடுவில் கரடு என்று ஒரு மொட்டைப் பாறைக்குன்று, கரட்டைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிக் கல்தூசி. அங்கே காயப்போட்ட வெள்ளை வேட்டி எடுக்கும்போதும் வெள்ளையாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆண்கள் சம்மட்டி பிடித்துப் பாறை பிளப்பார்கள், பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். கல்லோடு பிறந்து கல்லோடு புழங்குகிறவர்களுக்கு உண்டான கட்டுதிட்டமும் அவர்களுக்கு உண்டு. ஒரு கல்லை எவர் தூக்கினாரோ அவர்தான் இறக்க வேண்டும். அப்பன் தூக்கிய கல்லை மகன் வாங்க மாட்டான், புருஷன் தூக்கிய கல்லைப் பெண்டாட்டி வாங்க மாட்டாள். பாதி வழியில் கை மாற்றினால் கல்லுக்கு மனசு கெட்டுப்போய் யார் காலிலாவது விழும் என்பார்கள். மூச்சு முட்டினாலும் தூக்கியவரே கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

அந்த ஊரில் அடைக்கி என்று ஒருத்தி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போய், பொங்கலுக்குப் பொங்கல் முகத்தைக் காட்டுகிறவன். அதனால் அவளுக்குத் துணை என்றால் அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் பெரியக்காள்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் உலை வைப்பார்கள். காலையில் ஆரம்பித்த சண்டையை மத்தியானக் கஞ்சிக்கு நிறுத்தி, கை கழுவியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். அந்த மதினி இல்லாத நாளில் அடைக்கிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாது, அப்படி ஓர் ஒட்டு.

அந்தக் காலத்தில் நரிக்கரட்டுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் என்று யாரும் கிடையாது. தேர்தல் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றார்கள். சுவரில் எழுதிய சின்னம் மழையில் கரைந்தது, அதன் மேல் சுண்ணாம்பு அடித்து மறுபடி எழுதினார்கள், அதுவும் கரைந்தது, தேர்தல் மட்டும் வரவில்லை. தலைவர் நாற்காலியில் தனி அலுவலர் என்று ஒருவரை அரசாங்கம் உட்காரவைத்திருந்தது. அவர் பெயர் தில்லைநாயகம். கெட்டவர் என்று சொன்னால் வாய் புளிக்கும். மேலே இருந்து வருகிற காகிதத்தில் கீழே கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான். அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தில் கரடு ஒரு கம்பெனிக்குப் போனது. ஊர்க்காரர்கள் உளி வைத்து, பாறையின் ஓட்டம் பார்த்து, கேட்டுக் கேட்டு எடுத்த கல்லை, கம்பெனிக்காரன் வெடிமருந்து வைத்து, ஒன்றும் கேட்காமல் எடுத்தான்.

ஒருநாள் வெடித்ததில் ஒரு சில்லு, கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கருங்கல், கரட்டைத் தாண்டிப் பறந்து வந்து, கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெரியக்காளின் உச்சந்தலையில் விழுந்தது. அடைக்கி ஓடிவந்தபோது மதினியிடம் மூச்சு இல்லை, கையில் புளி இருந்தது, பித்தளைப் போசி பாதி பளபளப்பாகவும் பாதி மங்கலாகவும் கவிழ்ந்து கிடந்தது.

ஊர் உடனே கல்லைத் தூக்கிவிடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மனுக் கொடுத்தார்கள். அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். வாயில் கறுப்புத் துணி கட்டினார்கள், ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், கஞ்சித் தொட்டி திறந்து வெயிலில் வரிசையில் நின்று கஞ்சி குடித்தார்கள். கேட்டது ஒன்றுதான். தேர்தலை வையுங்கள், எங்கள் கரட்டை என்ன செய்வது என்று நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் சொல்லட்டும், அதுவரை வெடியை நிறுத்துங்கள். பதில் வரவில்லை. கடைசியில் ஊரே திரண்டு போய் நின்ற ஒரு முற்பகலில் தில்லைநாயகம் வராந்தாவுக்கு வந்தார். அடைக்கி அந்தக் கல்லை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தாள், எறிவதற்கு இல்லை, காட்டுவதற்கு. சார், இதுதான் விழுந்தது, இதைக் கையில் வாங்கிப் பாருங்கள் என்று சொல்ல நினைத்துப் போயிருந்தாள். அதற்குள் அவர், எல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

“அது சரி, வெடி வைக்கிற நேரம்னு தெரியுமில்ல. அந்த அம்மா அந்த நேரத்துல அங்க ஏன் நின்னாங்க?”

அவள் கொல்லையில் அவள் ஏன் நின்றாள் என்பதற்கு அந்தக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின, சில கைகள் கும்பிட, சில திட்ட, சில தலையில் அடித்துக்கொள்ள. அத்தனை கைகளுக்கு நடுவே கல்லோடு மேலே போன அடைக்கியின் கை வெறுங்கையாகக் கீழே வந்தது.

கல் நேராகப் போனது. தில்லைநாயகத்தின் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், கயிறு இல்லை, கம்பி இல்லை, காய்க்காத மரத்தில் காய்த்த காய் மாதிரி அந்தரத்தில் நின்றது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அதற்கு முன்னாலேயே அதுவும் உள்ளே போயிருந்தது. ஊர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உலை கொதித்திருக்குமே என்று கலைந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். கல் பட்டிருந்தால் ஒரு பிரிவு, படாமல் கீழே விழுந்திருந்தால் ஒரு பிரிவு, இன்னும் போய்க்கொண்டே இருக்கிற கல்லுக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் கல் ஒரு முடிவுக்கு வந்ததும் தெரிவிக்கச் சொன்னது. கம்பெனி பொக்லைன் வண்டியை அனுப்பியது, அதன் பல் ஒன்று முறிந்ததுதான் மிச்சம். நரிக்கரட்டுக்காரர்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, எறிந்தவர் வந்து இறக்காமல் அது எப்படி இறங்கும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

எறிந்தவர் யார் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. அடைக்கியின் தம்பி சேவுகன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன்தான் அவளுக்கு முன்னால் நின்றான், அவன்தான் ரொம்ப நாளாக, மனுவெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று சொல்லிவந்தவன். அவனும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, மீசையைத் தடவினான். தானே செய்ததாக அவனுக்கே கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்துவிட்டது. டீக்கடையில் அவனுக்குத் தனியாக ஒரு ஸ்டூல் போட்டார்கள்.  அடைக்கி தன் பாட்டுக்கு ஜல்லி உடைத்தாள். உடைக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கை தன்னால் ஒரு நொடி மேலே நின்று யோசித்துவிட்டு இறங்கியது.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், கல்லுக்கும் பழகிக்கொண்டார்கள். தில்லைநாயகம் கல்லோடு அலுவலகம் வந்தார், கல்லோடு வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டுமென்றார், சீட்டில் வைக்காத சாமானுக்கு லக்கேஜ் கிடையாது என்று பிரயாணிகள் சண்டைக்கு வந்தார்கள். முடிவெட்டுகிற பாண்டி பின்பக்கமாகவே நின்று வேலையை முடிக்கக் கற்றுக்கொண்டான். கோயில் பூசாரி தட்டை நீட்டும்போது அவசரத்தில் கல்லுக்கு விபூதி பூசிவிட்டார், மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் கல் மேல் ஆணையாக என்று சத்தியம் செய்தார்கள். ஒரு காகம் தினமும் பதினொரு மணி வாக்கில் ஜன்னல் வழியாக வந்து அதில் உட்கார்ந்து மூக்கைத் தீட்டிவிட்டுப் போகும், அவரும் அதுவரை பேனாவைக் கீழே வைத்துக் காத்திருப்பார்.

கல் நேர்ப்பார்வையை மறைத்ததால் அவர் தலையைத் தாழ்த்தி, அதற்குக் கீழே பார்த்துப் பழகினார். அப்படிப் பார்த்தால் தெரிவது எதிரே நிற்கிறவர்களின் கால்கள்தான். நகம் பெயர்ந்த கால், விரல் நசுங்கிய கால், ஜல்லி தெறித்துத் தழும்பேறிய கணுக்கால் என்று, வந்து சேர்ந்த நாளிலிருந்து முகம் பார்த்துத் தெரியாத ஊரை அவருக்குக் காலைப் பார்த்து அடையாளம் தெரிய ஆரம்பித்தது.

அதைவிட ஆச்சரியம், காரியங்கள் நடந்தன. வெடி நின்றது. பெரியக்காள் வீட்டுக் கொல்லைச் சுவரை அலுவலகமே ஆள் வைத்துக் கட்டிக்கொடுத்தது. வாரக் கணக்கில் வராத தண்ணீர் லாரி காலையில் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. முதியோர் பணம் நின்றுபோன கிழவி ஒருத்தி போய் நின்று, வாயைத் திறக்காமல், கல்லை ஒரு பார்வை பார்த்தாள், அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது. சேவுகன் டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான், நாம் ஒன்றும் புதிதாக எறியவில்லை, அவர்கள் அனுப்பியதைத் திருப்பி அனுப்பினோம், எத்தனை மனு செய்யாததை ஒரு கல் செய்தது என்று பாருங்கள் என்று. அதை மறுக்க ஊரில் ஆள் இல்லை. அடைக்கியாலும் மறுக்க முடியவில்லை.

மறுத்தது ஒரே ஒருத்தர்தான், பெரியக்காளின் புருஷன் சின்னழகு. அவரும் வாதாடவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தவர், போகிற போக்கில் சொன்னார்.

“முன்னாடியெல்லாம் இந்தக் கடைக்கு வந்தா அவளப் பத்தி நாலு பேரு பேசுவாங்க. இப்ப எல்லாரும் கல்லப் பத்தித்தான் பேசுறீங்க. அவ செத்ததே மறந்துபோச்சு, இல்லப்பா?”

 சின்னழகு அண்ணன் சொன்னது அடைக்கிக்கும் வந்து சேர்ந்து, அன்று முழுக்க அவள் காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது, அவளும் யோசித்துப் பார்த்தாள், மதினியின் முகத்தை நினைத்தால் அதற்கு முன்னால் அந்தக் கல் வந்து நின்றுகொண்டது.

இதற்கிடையில் கல் வளர்ந்தது. யார் எப்போது பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. கைக்குள் அடங்கிய கல் தேங்காய் அளவானது, தேங்காய் பூசணி ஆனது. ஏன் வளர்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, அவரவருக்கு உள்ளுக்குள் தெரியும். அலுவலகத்தைத் தாண்டிப் போகிறவர் எவரானாலும், விழுந்தால்தான் என்ன என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டுதான் போவார். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளும் நினைப்பாள், சீட்டாட்டத்தில் தோற்றவனும் நினைப்பான். பெரியக்காளுக்காக நினைத்தவர்கள் கொஞ்சம், தங்கள் தங்கள் எரிச்சலுக்காக நினைத்தவர்கள் நிறைய. கல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, எல்லாவற்றையும் தின்று வளர்ந்தது.

கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. இந்த ஊரில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் நாலைந்து தடியாட்களை ஜீப்பில் அனுப்பினான்.  ஆளுக்கொரு பாறாங்கல்லை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தில்லைநாயகத்தின் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று விசாரித்தார்கள். அன்று சாயங்காலமே கரட்டில் மறுபடி வெடி கேட்டது.

பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அடைக்கி முன்னால் நின்றாள். தில்லைநாயகம் தலையைத் தாழ்த்தி, அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். எந்தக் கல்லுக்குப் பயந்து வெடியை நிறுத்தினேனோ அதே பயத்தில்தான் இப்போது வெடிக்கச் சொன்னேன் என்றார். நீங்கள் ஒரு கல்லைக் காட்டினீர்கள், அவர்கள் அதைவிடப் பெரியதைக் காட்டுகிறார்கள், நாளைக்கு இன்னும் பெரியதோடு யார் வந்தாலும் கையெழுத்துப் போடுவேன், பயந்தவன் கை அப்படித்தானம்மா என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அடைக்கிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

“கல்லு வர்றதுக்கு முந்தி யாருக்குப் பயந்து சார் போட்டீங்க?”

 தெரியலம்மா, பழக்கத்துல போட்டேன் என்றார் அவர்.

பழக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மதினி செத்தாள் என்று நினைத்தபோது அடைக்கிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த நிமிஷம் கல் ஒரு சுற்றுப் பெருத்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள், கல்லின் விளிம்பு அவர் புருவத்துப் பக்கம் நகர்ந்ததையும் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் தில்லைநாயகத்தின் மனைவி குமுதவல்லி கரட்டுக்கு வந்தாள். வெயிலில் குடை கூடப் பிடிக்காமல், ஜல்லி உடைக்கிற பெண்களுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். எறிந்தவர் யார் என்று கேட்க வரவில்லை என்றாள். தான் சொல்வது எறிந்தவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாள். தினமும் காலையில் புருஷனுக்கு விபூதி பூசிவிடுவது அவளுக்கு வழக்கம். முதலில் கல்லுக்கும் நெற்றிக்கும் நடுவே கை முழுசும் சுலபமாகப் போனது, அப்புறம் விரல்கள் மட்டும் போயின, விரல்களும் குறைந்துகொண்டே வந்தன.

“இன்னிக்குக் காலையில சுண்டுவிரல்தான்க்கா போச்சு. அதுவும் உரசிக்கிட்டு.”

பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். குமுதவல்லி அழவில்லை. உங்கள் பக்கம் செத்தவங்களுக்கு நான் ஒரு நாள் வந்து துக்கம் கேட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை, என் வீட்டுக்குள் கல் வந்த பிறகுதான் தோன்றியது, அதற்காகவும்தான் வந்தேன் என்றாள். சொல்லிவிட்டுச் செருப்பை மறந்துபோய் வெறுங்காலோடு ஜல்லி மேல் நடந்து போனாள். அடைக்கிதான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கொடுக்கும்போது, நான்தான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

நேராக டீக்கடைக்குப் போனாள். சேவுகன் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனைக் கடைக்குப் பின்பக்கம் அழைத்துப்போய், எறிந்தது தான்தான் என்று விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தன் பெயரில் இருந்த ஒரே நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி அவன் முகம் சுருங்கியது. ஆனால் அக்கா அதை இறக்கப்போகிறாள் என்றதும் ஸ்டூல், மீசை எல்லாம் மறந்துபோய்ப் பதறினான்.

“அக்கா, கஞ்சித் தொட்டியில நின்னப்ப நம்ம மூஞ்சிய எவனாச்சும் பாத்தானா? கல்லு நின்ன பெறகுதான பாத்தாங்க. இத இறக்கிட்டா நம்ம கையில என்ன இருக்கு?”

“நீ சொல்றது பொய்யில்லடா.”

“பெறகு?”

“அந்த ஆளு செத்தா நாற்காலி செத்துருமா? வேற ஒருத்தன் வந்து உக்காருவான். அவனுக்கு ஒரு கல்லு, அவனுக்கு அடுத்தவனுக்கு ஒரு கல்லு. கரடு பத்தாது தம்பி.”

கல் எறிந்தது தப்பு என்றா சொல்கிறாய் என்று கேட்டான்.  அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்குப் பிறகும் எறியாமல் இருந்திருந்தால் தான் ஒரு மனுஷியா என்று தனக்கே தெரியவில்லை என்றாள். ஆனால் கல்லை எறிந்தது தன் கை, இப்போது அதை வளர்ப்பது யார் யாருடைய மனசோ, பட்டால் மட்டும் அது மறுபடி தன் கைதான் என்றாள். தூக்கினவள் நான், இறக்குகிறவளும் நான்தான், எங்கே இறக்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். அலுவலக வாசலில் ஊர் முழுக்க இருந்தது, கம்பெனி ஜீப்பும் நின்றது, இன்ஸ்பெக்டரும் இருந்தார். தில்லைநாயகம் வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், கல் இப்போது ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்துப் பலாப்பழம் போல அவர் முகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கல்லுக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு வெற்றிலை நுழையும், அதற்கு மேல் ஒன்றும் நுழையாது. அவர் மூச்சு விடுவதே கல்லில் பட்டு அவர் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது.

அடைக்கி படியேறி வந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். இது நான் எறிஞ்ச கல்லு, நான்தான் இறக்கணும் என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள், அதை அவள் உரக்கக்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. எல்லாரும் சேவுகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன், ஆமாம், அக்காதான் என்றான், அதைச் சொல்ல அவன் எவ்வளவு சிரமப்பட்டான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

அவள் இரண்டு கைகளாலும் கல்லைத் தொட்டாள். தொட்டதும் அந்தரத்தில் நின்ற கல்லுக்கு அத்தனை நாள் இல்லாத கனம் மொத்தமாக வந்தது. ஊர் முழுக்க நினைத்துச் சேர்த்த கனம், ஒருத்தியால் தாங்க முடியுமா? அவள் முழங்கால் மடங்கியது. இழுத்துத் தன் பக்கம் கொண்டுவந்தாள், தில்லைநாயகத்தின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெயில் பட்டது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். அப்போது அடைக்கி மூச்சு வாங்கியபடி அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“சார், ஒரு கை பிடிங்க.”

நரிக்கரட்டில் சுமையோடு நிற்கிறவர் அப்படிக் கேட்டுவிட்டால் மறுப்பு கிடையாது. தூக்கியவர்தான் இறக்க வேண்டும், அதில் மாற்றமில்லை, ஆனால் அவர் கேட்டால் கை கொடுத்தாக வேண்டும். பங்காளிச் சண்டையில் வெட்டுக்குத்து வரை போனவனும் கை கொடுப்பான், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையும் மாலையை ஒதுக்கிவிட்டுக் கை கொடுப்பான். கை கொடுத்தவர் கல் இறங்கும்வரை விடக் கூடாது. தில்லைநாயகம் அந்த ஊர்க்காரர் இல்லை, அவருக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியாது. ஆனால் இத்தனை நாள் அந்தக் கல்லோடேயே உண்டு உறங்கியவர். அவர் எழுந்து சிறுத்த மறுபக்கத்தைப் பிடித்தார்.

சேவுகன் ஓடிவந்து, சார் விடுங்க, நான் பிடிக்கிறேன் என்றான். அடைக்கி தலையை ஆட்டி அவனை நிறுத்தினாள், உன்னைக் கேட்கவில்லை என்றாள்.

“எங்கம்மா இறக்கணும்?” என்றார் தில்லைநாயகம். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கலெக்டராபீசுல சார். தேர்தல் என்னைக்குன்னு சொல்றவங்க மேஜையில.”

அது ஆறேழு மைல் என்றார் அவர். ஆமா சார் என்றாள் அவள். கையை விட்டால் என்ன ஆகும் என்று அவர் கீழே பார்த்தார். விட்டால் கல் அவருடைய காலிலும் விழும், அவளுடைய காலிலும் விழும், அந்தக் கால்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் விடவில்லை. இருவரும் பக்கவாட்டில் அடி வைத்து, படியிறங்கி, வாசலைத் தாண்டினார்கள். இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து, ஏம்மா, அவர விடு என்றார். நான் எங்க சார் அவரப் பிடிச்சிருக்கேன், கல்லத்தான பிடிச்சிருக்கேன் என்றாள் அடைக்கி. இன்ஸ்பெக்டர் இதற்கும் பிரிவு தெரியாமல் வழியை விட்டு ஒதுங்கினார். கம்பெனி ஆட்கள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சின்னழகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார், அவருக்குப் பின்னால் சேவுகன் நடந்தான், அவனுக்குப் பின்னால் ஊர் நடந்தது, யாரும் கோஷம் போடவில்லை, செருப்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும் சாலை நெடுகப் போனது.

கண்மாய்க்கரை தாண்டியதும் தில்லைநாயகம் கேட்டார், நீதான் எறிஞ்சியா என்று. ஆமா சார் என்றாள். ஏன் என்றார். நீங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல சார், அதான் என்றாள். அவருக்கு அது என்ன கேள்வி என்று ஞாபகம் வரக் கொஞ்ச தூரம் ஆனது. ஞாபகம் வந்ததும் அவர் நடை தடுமாறியது, கல் ஒரு பக்கம் சாய்ந்தது, இருவருமாகச் சமாளித்து நிமிர்த்தினார்கள்.

“அந்த அம்மா பேரு என்ன?”

“பெரியக்காள்.”

பெரியக்காள் என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வியர்வை அவர் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவர் நிமிர்ந்து சாலையைப் பார்த்த நேரத்தில், அடைக்கி நடையை நிறுத்தாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், உள்ளங்கையை மெல்ல நகர்த்தி, கல்லை அரைச் சுற்றுத் திருப்பி, அதுவரை தான் தாங்கிய கனத்த பக்கத்தை அவர் கைக்குக் கொடுத்தாள்.